ரப்பர் புஷ்ஷின் விலை 5,800 ரூபாய். மாற்றிய செலவு 83,780 ரூபாய்

கன்னியாகுமரியில் உள்ள எங்கள் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் அதற்கு 'ரப்பர் புஷ்' என்றுதான் பெயர். கடையில் கட்லெஸ் பேரிங் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். எட்டு அங்குல நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய், அதன் உள்சுவரோடு ஒட்டி வார்த்த கறுப்பு ரப்பர், ரப்பரின் நெடுகிலும் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளங்கள். புரொப்பல்லர் தண்டு படகின் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே போகும் கடைசி இடத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். பள்ளங்களில் புகுந்து ஓடும் கடல் தண்ணீரே அதற்கு எண்ணெய். கூடவே மணலையும் அரித்து வெளியே தள்ளிவிடும்.

இந்தப் பொருளைப் பதினைந்து மாதங்களுக்குள் இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை 31,600 ரூபாய் ஆனது, அது வீண். இரண்டாம் முறை 83,780 ரூபாய் ஆனது; அது நிற்கிறது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் "புஷ் மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். பதிலாக எல்லோரும் புஷ்ஷின் விலையைத்தான் சொல்கிறோம். அந்தப் பதில் தவறு என்பது எனக்கு இரண்டு ரசீதுக் கட்டுகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் படகு 42 அடி மர விசைப்படகு. நானும் மச்சானும் கூட்டாக வாங்கியது. லேலண்ட் இன்ஜின், 3க்கு 1 கியர், 50 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, அதன் நீளம் 11 அடி 4 அங்குலம். புஷ்ஷின் அளவு 50க்கு 70க்கு 200. அதாவது உள்விட்டம் 50, வெளிவிட்டம் 70, நீளம் 200 மில்லிமீட்டர். தண்டின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது இந்த வகைப் புஷ்ஷுக்குப் பொதுவான கணக்கு.

2023 ஜனவரியில்தான் முதல் தொல்லை. எங்கள் துறைமுகத்தில் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குள் கரை திரும்பிவிட வேண்டும். அந்தப் பதினாறு மணி நேரத்தில் அடித்தளத் தண்ணீரை வழக்கமாக ஒருமுறை பம்ப் போட்டு இறைப்போம். அந்த வாரம் மூன்று முறை இறைத்தோம். இன்ஜின் அறைக்குள் இறங்கிப் பார்த்தால், தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் வழியாகத் தண்ணீர் சொட்டவில்லை, ஒழுகியது. நட்டை இறுக்கினேன். அரை நாள் நின்றது, பிறகு மறுபடியும் ஒழுகியது. கிளாண்டை இறுக்கி இறுக்கி ஓட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் தண்டு ஆடுகிறது. அந்த ஆட்டத்தால் முன்னால் கிளாண்டுக்குள் அடைத்திருக்கும் பேக்கிங் கயிறு நசுங்குகிறது. கயிற்றை இன்னும் இறுக்கினால் தண்டில்தான் பள்ளம் விழும். நோய் ஒரு இடத்தில் இருக்க, மருந்தை வேறு இடத்தில் தடவிக்கொண்டிருந்தேன்.

மீன்பாடு நன்றாக இருந்த நேரம். ஒரு நாளும் கரையில் நிற்க மனம் வரவில்லை. நின்றே ஆக வேண்டும் என்றானபோது அவசர அவசரமாகக் கிரேன் சொல்லி ஏற்றினோம். ஏற்றி இறக்க 18,000 ரூபாய். தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்த புஷ் 5,200. மெக்கானிக் கூலி 6,000, லேத் வேலை 1,500, பேக்கிங் கயிறு 900. மொத்தம் 31,600. ஆறு நாள் தொழில் போனது. படகில் வரும் ஆறு பேருக்கும் ஒரு நாளைக்கு 300 ரூபாய் படி கொடுத்தேன், அது 10,800. அதையும் சேர்த்தால் 42,400.

அப்போது மெக்கானிக் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, தண்டிலும் தேய்மானம் இருக்கிறது. இன்ஜின் உட்கார்ந்திருக்கிற விதமும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு இறக்கலாம்." அதற்கு இன்னும் நான்கு நாள் ஆகும். வேண்டாம், புஷ்ஷை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். முடிவு என்னுடையது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரு நண்பர் லேத்தில் நைலான் கட்டையைக் கடைந்து போட்டுவிடு, 1,800 ரூபாயில் முடியும் என்றார். அதை மட்டும் செய்யாதது நல்லதாகப் போயிற்று. நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். கரையில் அளந்து கடைந்த துளை கடலில் சுருங்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்துக் கப்பல்களில் லிக்னம் வைட்டே என்ற இரும்பைப் போன்ற கட்டையைப் போட்டார்கள். அது தன்னிடம் உள்ள பிசினாலேயே வழுக்கும். ரப்பர் புஷ் வந்தது 1920களில். கலிபோர்னியாவில் ஒரு சுரங்கப் பொறியாளர், நீரிறைக்கும் பம்பில் தாங்கி தேய்ந்துபோக, அவசரத்துக்கு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி ஓட்டினாராம். தற்காலிகமாகச் செருகியது மற்றவற்றைவிட நீடித்து உழைத்தது. மணல் கலந்த தண்ணீரில் கெட்டியான உலோகம் தோற்றுப்போகிற இடத்தில் ரப்பர் ஜெயிக்கிறது. மணல்துகள் ரப்பரை அழுத்தினால் ரப்பர் சற்று உள்வாங்கி, துகளை உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிடும். எங்கள் துறைமுக வாயில் மணல் சேரும் இடம். இங்கே ரப்பரைத் தவிர வேறு எதுவும் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2024 பிப்ரவரி கடைசியில் அதே ஒழுகல், அதே அதிர்வு. இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்றைத் தாண்டினால் பின்தளப் பலகையில் கால் வைக்க முடியாதபடி ஒரு குறுகுறுப்பு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளும்போது கீழே 'டக் டக்' என்று இரண்டு அடி. தெரிந்துபோயிற்று. இம்முறை அவசரப்படுவதில்லை என்று நானும் மச்சானும் பேசி முடிவெடுத்தோம். வேகத்தைக் குறைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே ஏப்ரல் 14 வரை ஓட்டினோம். நம் மாவட்டத்தில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஒரு நன்மை இருக்கிறது. எங்கள் தடையின் முதல் ஒன்றரை மாதம் மேற்குப் பக்கத்து மெக்கானிக்குகள் அங்கே கூட்டமில்லாமல் இருப்பார்கள். குளச்சலிலிருந்து ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்தேன். வயதில் மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிடுகிறேன்.

ஏப்ரல் 17 அன்று படகைக் கரையேற்றினோம். எங்களுக்கு முன்னால் பதினோரு படகுகள். 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். மரவேலைக்காரரும் வெல்டரும் வாக்களிக்க ஊருக்குப் போய்விட்டார்கள். 20ஆம் தேதி காலைதான் கை வைத்தோம்.

அண்ணன் எதையும் கழற்றவில்லை. முதலில் புரொப்பல்லரின் கீழே தோள் கொடுத்து மேலே தூக்கினார், விட்டார், தூக்கினார். தண்டு ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. டயல் மானியை வைத்து அளந்தால் 3.5 மில்லிமீட்டர். புதிய புஷ்ஷில் தண்டுக்கும் ரப்பருக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். 50 மில்லிமீட்டர் தண்டில் ஆட்டம் 2 மில்லிமீட்டரை எட்டினால் மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நாங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம்.

பிறகு இன்ஜின் அறைக்குள் இறங்கி, கியரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, அதன் இரண்டு தட்டுகளுக்கும் இடையே, இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டை விட்டார். மேலே தகடு தாராளமாகப் போனது. கீழே போகவில்லை. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர். கப்ளிங்கின் விட்டம் 150 மில்லிமீட்டர். நூறு மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 வரைதான் பொறுக்கலாம். அதாவது எங்களுக்கு 0.15க்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து மடங்குக்கும் அதிகம்.

டார்ச் அடித்து இன்ஜினின் முன்கால்களைப் பார்த்தோம். அடியில் இருக்கும் மரக்கட்டையில் அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் குத்தினார். ஈரமான கேக்கில் இறங்குவதுபோல் ஒரு அங்குலம் இறங்கியது. டீசலும் அடித்தண்ணீரும் ஊறிக் கட்டை மக்கிப்போய், இன்ஜினின் முன்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் அமிழ்ந்திருந்தது. முன்பக்கம் அமிழ்ந்தால் கியர்ப்பெட்டியின் பின்பக்கம் நிமிரும். நிமிர்ந்த கியரையும் நிமிராத தண்டையும் ஆறு போல்ட்டுகள் இழுத்து ஒன்றாகப் பூட்டியிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்டு வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து மில்லிமீட்டர் மக்கிய மரம்தான் முந்தைய 31,600 ரூபாயைத் தின்றது.

புரொப்பல்லரைக் கழற்றியது தனிக்கதை. கொண்டி ஊசியை எடுத்து, பூட்டு நட்டைக் கழற்றி, பெரிய நட்டை மட்டும் இரண்டு மரை பின்னுக்கு விட்டு அப்படியே வைத்தார் அண்ணன். முழுவதும் எடுக்கக் கூடாது. இழுப்பானின் போல்ட்டை இறுக்க இறுக்க ஒன்றும் நடக்காது. திடீரென்று வெடி போட்டதுபோல் ஒரு சத்தத்தோடு புரொப்பல்லர் தண்டு முனையின் கூம்புச் சரிவிலிருந்து விடுபடும். நட்டு இல்லையென்றால் நாற்பது கிலோ வெண்கலம் ஆளின் காலில் வந்து விழும். தண்டின் முனையைச் சம்மட்டியால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை நசுங்கும், கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குக்கும் அடி போகும்.

புரொப்பல்லர் வந்த பிறகு, புஷ்ஷின் வாய்க்கு முன்னால் ஒரு வளையம் தெரிந்தது. பச்சையும் வெள்ளையுமாக, சாக்லேட் உருகி உறைந்ததுபோல் பளபளப்பாக. தங்கூசி, அதாவது வலை பின்னும் நைலான் நரம்பு. எவருடைய வலையோ கடலில் அறுந்து மிதந்தது, எங்கள் தண்டில் சுற்றி, சூட்டில் உருகிக் கெட்டியான வளையமாகிவிட்டிருந்தது. உளியால்தான் செதுக்கி எடுக்க முடிந்தது. ரப்பரில் இருந்த பள்ளங்களில் பாதி வாயை அது அடைத்திருந்தது. தண்ணீர் போகவில்லை என்றால் ரப்பர் சில நிமிடங்களில் கருகும். கையில் எடுத்து முகர்ந்தேன், டயர் எரிந்த வாடை இன்னும் இருந்தது. அப்படியானால் குற்றவாளிகள் இரண்டு பேர்: மக்கிய கட்டை, தங்கூசி.

தண்டைப் பின்னால் உருவ வேண்டுமென்றால் சுக்கான் குறுக்கே நிற்கும். சுக்கானை இறக்க அரை நாள். வலைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து தண்டை உருவினோம். வெளியே வந்த தண்டை இரண்டு மரக்கட்டைகள்மேல் கிடத்தி உருட்டிப் பார்த்தால் நடுவில் 0.4 மில்லிமீட்டர் வளைவு. புஷ் இருந்த இடத்தில் விரல் நகம் தடுக்கும் அளவுக்குத் தேய்மானம். கிளாண்ட் இருந்த இடத்தில் நான் இறுக்கி இறுக்கி உண்டாக்கிய இரண்டு வளையப் பள்ளங்கள். 2023இல் புதிய ரப்பரை இந்தத் தண்டின்மேல்தான் ஏற்றினேன். அரம் வைத்து ராவியதற்குச் சமம்.

பழைய புஷ் எளிதில் வரவில்லை. நிறுத்து திருகுகளைக் கழற்றிய பிறகும் பித்தளையும் குழாயும் உப்பேறி ஒன்றாகியிருந்தன. ரம்பத் தகட்டைக் குழாய்க்குள் நீளவாக்கில் விட்டு, பித்தளைச் சுவரை மட்டும் அறுத்தோம். ஒரே கவனம்தான்: வெளிக்குழாயில் ரம்பம் பட்டுவிடக் கூடாது. அண்ணன் பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தித் தூளைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் தூள் வந்துகொண்டிருக்கும்வரை அறுக்கலாம், நிறம் மாறினால் நிறுத்த வேண்டும். முக்கால் மணி நேரம். அறுபட்ட புஷ் சுருண்டு கையோடு வந்தது.

அதைப் பிளந்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பயன்பட்ட ஐந்து நிமிடம் அது. நேராக ஓடிய தண்டாக இருந்தால் புரொப்பல்லரின் எடையால் அடிப்பக்கம் மட்டும் முனைக்கு முனை ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். எங்கள் புஷ்ஷில் முன்முனையில் மேல்பக்கமும் பின்முனையில் கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தன. தண்டு உள்ளே சாய்ந்து கிடந்தது என்பதை அந்த ரப்பரே எழுதி வைத்திருந்தது. 2023இல் எடுத்த பழைய புஷ்ஷை நான் பார்க்கவே இல்லை. குப்பையில் எறிந்துவிட்டேன். அன்று பார்த்திருந்தால் இதையேதான் சொல்லியிருக்கும். பழைய புஷ்ஷைத் தயவுசெய்து எறியாதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பெயிண்டால் குறி போட்டு எடுங்கள்.

தண்டை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்துவிடலாமா என்று மச்சான் கேட்டான். எட்டாயிரத்துக்குள் முடியும். அண்ணன் தயங்கினார். நீளமான தண்டில் சூடு ஒரு பக்கம் ஏறினால் வளையும். வெல்டிங்கின் ஓரத்தில் நுண்ணிய விரிசல் இருந்தால் உப்புத்தண்ணீர் அங்கேயே புகுந்து தின்னும். தண்டு ஏற்கெனவே வளைந்தது வேறு. புதிதாகவே வாங்கினோம். பழையது 304 ரகம்; இம்முறை 316. 54 கிலோ, கிலோ 420 வீதம் 22,680 ரூபாய்.

கடைசலுக்கு நாகர்கோவில் கோட்டாறில் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். பதினொன்றரை அடி நீளத்தைச் சின்ன லேத்தில் போட முடியாது. நீளமான படுக்கை உள்ள லேத்துக்காக நான்கு நாள் வரிசை. புரொப்பல்லரையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். சரிவை அளவு சொல்லிக் கடையச் சொன்னால் பொருந்தாது. புரொப்பல்லரை ஏற்றிப் பார்த்துக் கடைய வேண்டும். எங்களுடையது 12க்கு 1 சரிவு. பட்டறைக்காரர் துளைக்குள் நீல மை தடவி, தண்டை ஏற்றி எடுத்து, மை எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். முதலில் பெரிய முனையில் மட்டும் ஒட்டியிருந்தது. அரைக்கும் பசை தடவி இரண்டையும் கையால் சுழற்றித் தேய்த்தோம். மூன்றாவது முறை முக்கால்வாசிப் பரப்பில் நீலம் ஏறியது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. தண்டும் புரொப்பல்லரும் தனித்தனியாகச் சுழலாமல் இடையில் செருகும் உலோகக் கட்டைக்குச் 'சாவி' என்று பெயர். அந்தச் சாவி இல்லாமல் புரொப்பல்லரை இறுக்கமாக ஏற்றி, அது எதுவரை வருகிறது என்று தண்டில் கோடு கிழித்தார். பிறகு சாவியைப் போட்டு ஏற்றினார். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. சாவி உயரமாக இருந்து புரொப்பல்லரைச் சரிவில் உட்காரவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறது. இப்படியே ஓட்டினால் சாவியின்மேல் மட்டும் பாரம் விழும், சாவித்தடத்தின் மூலையில் விரிசல் பிறக்கும். சாவியின் முதுகை ராவி மறுபடியும் ஏற்ற, கோட்டில் வந்து நின்றது. இந்தப் பட்டறைக்குக் கொடுத்த 9,500 ரூபாயில் ஒரு ரூபாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். தேய்த்துப் பொருத்தவும் புரொப்பல்லரின் நிறை சமன் பார்க்கவும் தனியாக 2,500.

இதற்கிடையில் மர மேஸ்திரி இன்ஜின் முன்கால் கட்டைகளை மாற்றினார். இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு மக்கிய கட்டையைச் செதுக்கி எடுத்தபோது, நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். மக்கிய இடத்தில் 'பொத்' என்றும் நல்ல இடத்தில் 'டண்' என்றும் சத்தம். "மக்களே, டீசல் சொட்டுகிற குழாயை முதலில் சரி செய். இல்லாவிட்டால் தேக்கையே போட்டாலும் இதே கதிதான்" என்றார். டீசல் வடிகட்டியின் அடியில் இருந்த வாஷர் ஒன்றுதான் கசிந்தது. மாற்றினேன். கட்டைக்கும் கூலிக்கும் 7,400. புதிய போல்ட்டுகளும் மெல்லிய தகடுகளும் 2,600.

மே முதல் வாரத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது கடல் திடீரென்று பொங்கும் பேரலை எச்சரிக்கை வந்தது. அந்த நாட்களில் துறைமுகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

புஷ்ஷை ஏற்றிய நாளை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் ஒரு வசதியை நாமே பயன்படுத்துவதில்லை. அதுதான் ஐஸ். புஷ் குழாய்க்குள் இறுக்கமாகத்தான் போகும். அதற்காகச் சம்மட்டியால் அடித்தால் பித்தளை விளிம்பு மடங்கி ரப்பரைக் கவ்வும். நாங்கள் மீன்பெட்டியில் பொடித்த ஐஸை நிரப்பி, இரண்டு படி கல்லுப்பைக் கலந்து, அதற்குள் புஷ்ஷை இரண்டு மணி நேரம் புதைத்து வைத்தோம். உப்பு கலந்தால் ஐஸின் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். எங்கள் மே மாத வெயிலிலிருந்து அந்தக் குளிருக்குப் போகும்போது 70 மில்லிமீட்டர் பித்தளை ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் சுருங்கும். தலைமுடி பருமன்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளி போதும். வெளியே எடுத்ததும் பித்தளைமேல் பனி பூத்தது. சோப்புத் தண்ணீர் தடவி, நீளமான மரைக்கம்பியின் இரு முனையிலும் தகடு வைத்து நட்டை இறுக்கினோம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மொத்தமே நான்கு நிமிடம். கிரீஸ் தடவவே இல்லை. நிறுத்து திருகு படும் இடத்தில் பித்தளையில் சின்னக் குழி மட்டும் போட்டுக்கொண்டோம். குழி இல்லாமல் திருகை முடுக்கினால் அது பித்தளையை உள்ளே அழுத்தும், அந்த இடத்தில் ரப்பர் புடைத்துத் தண்டில் உரசும்.

தண்டு ஏறியது. சுக்கான் ஏறியது. கிளாண்டில் பழைய கயிறு முழுவதையும் கொக்கியால் பிடுங்கி எடுத்துவிட்டுப் புதிதாக நான்கு வளையம் போட்டோம், ஒவ்வொன்றின் மூட்டும் ஒவ்வொரு பக்கம் வரும்படி. உப்புத்தண்ணீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளும் புதிதாக மாட்டினோம். கரையில் வைத்தே கப்ளிங்கை ஓரளவு நேராக்கினார் அண்ணன். ஆனால் போல்ட்டுகளை முடுக்கவில்லை. "இது கரைக் கணக்கு. தண்ணீரில் இறங்கினால் படகு தன் உருவத்துக்குப் போகும். அங்கே பார்த்துக்கொள்வோம்."

மே 30 முதல் மூன்று நாள் பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானத்தில் இருந்ததால் கன்னியாகுமரியில் பாதுகாப்புப் பலமாக இருந்தது. அது முடிந்து ஜூன் 3 அன்று படகை இறக்கினோம். இரண்டு நாள் படகை அப்படியே மிதக்கவிட்டோம். ஐம்பது நாள் வெயிலில் காய்ந்த பலகைகள் தண்ணீர் குடித்து ஊறட்டும் என்று. ஜூன் 5 காலை ஃபீலர் தகட்டை விட்டால் கரையில் 0.1 ஆக இருந்த வித்தியாசம் 0.35 ஆகியிருந்தது. அவர் சொன்னதேதான். முன்கால்களின் கீழே மெல்லிய தகடுகளை ஒன்று செருகி ஒன்று எடுத்து, மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் அளந்து, 0.1க்குக் கொண்டுவர மதியம் இரண்டு மணி ஆயிற்று. இறங்கும் முன்பே போல்ட் முடுக்கிக் கூலி வாங்கிப் போகிற வழக்கம் இங்கே உண்டு. 2023இல் நானும் அப்படித்தான் விட்டேன். தண்ணீரில் அளந்து பார்க்காத நேர், நேரே அல்ல என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன்.

துறைமுகத்துக்குள் இரண்டு மணி நேரம் ஓட்டினோம். கிளாண்ட் நிமிடத்துக்கு எட்டு பத்துச் சொட்டு. முழுவதும் நிறுத்தவே கூடாது. அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிரவைக்கிறது. கை வைத்தால் சூடு இல்லை.

ரசீதுகளை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. கிரேன் 18,000. தண்டு 22,680. புஷ் 5,800. லேத் 9,500. புரொப்பல்லர் பொருத்தியது 2,500. அண்ணனுக்கும் உதவியாளுக்கும் 9,000. மரவேலை 7,400. போல்ட், தகடுகள் 2,600. கயிறு 1,100. துத்தநாகம் 2,400. வண்டி வாடகை 2,800. கூட்டினால் 83,780. செலவான நூறு ரூபாயில் புஷ்ஷுக்குப் போனது ஏழு ரூபாய்கூட இல்லை. பழைய தண்டு 52 கிலோவை எடைக்குப் போட்டதில் கிலோவுக்கு 110 வீதம் 5,720 வந்தது. புதிய புஷ்ஷின் விலைக்கு எண்பது ரூபாய்தான் குறைவு.

இதில் கிரேன் பணத்தைப் புஷ்ஷின் கணக்கில் எழுதுவது முழுக்கச் சரியல்ல. தடைக்காலத்தில் வர்ணம் அடிக்க எப்படியும் ஏற்றத்தான் போகிறோம். அதைக் கழித்தால் 65,780. சீசனில் இதே வேலையைச் செய்திருந்தால் தொழில் இழப்பும் படியும் இதன்மேல் ஏறியிருக்கும். ஆகவே ஆட்டம் தெரிந்தும் தடைவரை மெதுவாக ஓட்டியது பணக்கணக்கில் லாபம். ஆனால் அப்படி ஓட்டியபோது ஒருநாள்கூட எனக்கு நிம்மதியாக உறக்கம் வந்ததில்லை. தண்டு முறிந்து பின்னால் போய்விட்டால் அந்தக் குழாய் கடலுக்குத் திறந்த வாய். படகில் ஆறு பேர் இருக்கிறார்கள். கிளாண்ட் சொட்டுவதைத் தாண்டி ஒழுக ஆரம்பித்த பிறகு யாரும் தடையைக் காத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நான் செய்ததை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டில் கயிறு அறுக்கும் கத்தி வளையம் மாட்டினால் தங்கூசி சுற்றாது என்கிறார்கள். புரொப்பல்லருக்கும் குழாய்க்கும் இடையே எங்கள் படகில் அதற்கு இடம் போதவில்லை. அதற்குப் பதிலாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மச்சான் முகக்கண்ணாடி போட்டு முங்கி, புரொப்பல்லர் கழுத்தைக் கையால் தடவிப் பார்க்கிறான். இதுவரை மூன்று முறை தங்கூசி எடுத்து வந்திருக்கிறான், உருகுவதற்கு முன்பே.

2025 ஏப்ரல் தடையில் வர்ணத்துக்காக மறுபடியும் ஏற்றினோம். அண்ணனை வரவழைத்தேன். தோள் கொடுத்துத் தூக்கினார், டயல் மானியைப் பார்த்தார். 0.4 மில்லிமீட்டர். கப்ளிங்கிலும் இன்ஜின் கால்களிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, எதையும் கழற்றாமல் கருவிப் பையை மூடினார். அன்றைய கூலியாக 500 ரூபாய் கொடுத்தேன். பஸ் காசு மட்டும் போதும் என்று 100 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.